அகராதி தந்த ஆசான் ஏ. எஸ். ஹார்ன்பி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

நம் கல்லூரி நூலகத்தில் சன்னல் ஓர மேசையின் மேல் ஒரு தடித்த புத்தகம் எப்போதும் கிடக்கும். மேலட்டை போய்விட்டது. முதுகில் பழுப்புத் தாள் ஒட்டிச் சணல் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார்கள். 'ஆக்ஸ்போர்டு டிக்‌ஷனரி' என்றுதான் நாம் அதைச் சொல்கிறோம். தேர்வு நெருங்கும் நாள்களில் அதன் பக்கத்தில் இரண்டு மூன்று பேர் காத்து நிற்பதும் உண்டு. ஆனால் அதைத் தொகுத்தவர் யார் என்று நான் கேட்டுப் பார்த்த நண்பர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. சென்ற ஆண்டு வரை எனக்கும் தெரியாது. கதைக்கும் கவிதைக்கும்தான் ஆசிரியர் உண்டு, அகராதி தானாகவே உண்டாகிவிடும் என்பது போல எண்ணியிருந்தேன். அதன் முகப்புத் தாளில் ஏ. எஸ். ஹார்ன்பி என்ற பெயரை நான் நின்று படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் முதலாண்டில் சேர்ந்த சில மாதங்களுக்குள் என் தந்தையார் வயலில் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் சேர்த்தோம். இரண்டு நாள்கள் நினைவு சரியாக இல்லை. மூன்றாம் நாள் காலையில் பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உடன் வந்த டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தார். அத்தையும் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். டாக்டர் என்ன சொன்னார் என்பதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது? என் காதில் விழுந்தது 'டேஞ்சர்' என்ற ஒரு சொல்தான். ஆபத்து என்கிறார் என்று சொல்லிவிட்டேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். சத்தம் கேட்டு ஓடிவந்த நர்சம்மாதான், டாக்டர் சொன்னது 'அவுட் ஆஃப் டேஞ்சர்' என்றும், அப்பா ஆபத்தைத் தாண்டிவிட்டார் என்பதே அதன் பொருள் என்றும் விளக்கினார். அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அன்று இரவு முழுவதும் எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

'அவுட்' என்றால் வெளியே. ஆறாம் வகுப்பிலேயே படித்ததுதான். ஆனால் அது இடத்தைச் சொல்லும் சொல் அன்றோ? வீட்டுக்கு வெளியே, ஊருக்கு வெளியே என்பது புரிகிறது. ஆபத்துக்கு எப்படி உள்ளே, வெளியே? கல்லூரிக்குத் திரும்பியதும் அந்தப் பழைய அகராதியில் 'டேஞ்சர்' என்ற சொல்லைத் தேடினேன். ஆபத்தில் இருப்பதற்கு 'இன்', ஆபத்து நீங்கியதற்கு 'அவுட் ஆஃப்' என்று இரண்டையும் அடுத்தடுத்து எடுத்துக் காட்டியிருந்தது. என்னைப் போன்ற ஒருவன் எந்த இடத்தில் தடுக்கி விழுவான் என்பதை முன்பே அறிந்து, யாரோ கல்லை எடுத்து ஓரமாகப் போட்டிருந்தார்கள். அந்த 'யாரோ' யார் என்று பார்க்கத்தான் முகப்புத் தாளைப் புரட்டினேன்.

ஆல்பர்ட் சிட்னி ஹார்ன்பி 1898-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10-ஆம் நாள் இங்கிலாந்தில் செஸ்டர் நகரில் பிறந்தார். வேல்ஸ் நாட்டு எல்லையை ஒட்டி, டீ என்னும் ஆற்றங்கரையில், பழைய ரோமானியக் கோட்டைச் சுவரோடு இன்றும் இருக்கிற ஊர் அது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று பட்டம் பெற்றார். 1920-களில் ஜப்பான் நாட்டுக்கு ஆசிரியராகக் கப்பல் ஏறினார். கியூஷு தீவில் உள்ள ஓயிட்டா என்னும் ஊரில் உயர்நிலை வணிகக் கல்லூரி ஒன்றில் வேலை. இலக்கியம் கற்பிப்பதற்கென்று போனவர், அங்கிருந்த மாணவர்களுக்கு அதற்கு முன்பாகத் தேவைப்படுவது ஆங்கில மொழியே என்பதை விரைவிலேயே கண்டுகொண்டார். அவர் வாழ்க்கையின் திருப்புமுனை இதுவே எனலாம். எத்தனையோ ஆசிரியர்கள் இதைக் கண்டும் காணாததுபோல் பாடத்தை நடத்திவிட்டு மணி அடித்ததும் போய்விடுவார்கள். ஹார்ன்பி போகவில்லை.

அக்காலத்தில் ஜப்பானியப் பள்ளிகளில் ஆங்கிலம் என்றால் பெரும்பாலும் மொழிபெயர்ப்புதான். ஆங்கில வாக்கியத்தை ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, ஜப்பானிய வரிசைக்கு மாற்றி, பொருள் சொல்லி முடிப்பார்கள். நுழைவுத் தேர்வுக்கு அது போதும். ஆனால் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் கை நடுங்கும். (இதைப் படிக்கும் நண்பர்கள் சிலர் புன்னகை செய்வது எனக்குத் தெரிகிறது!) இந்த நிலையை மாற்றுவதற்காக ஹெரால்டு பால்மர் என்னும் ஆங்கில மொழியியலார் 1922-ஆம் ஆண்டு ஜப்பானுக்கு வரவழைக்கப்பட்டிருந்தார். அடுத்த ஆண்டே டோக்கியோவில் ஆங்கிலக் கல்வி ஆய்வு நிறுவனம் ஒன்று அவர் தலைமையில் தொடங்கியது. தொலைவில் ஓயிட்டாவில் இருந்த ஹார்ன்பி இந்த நிறுவனத்தின் பணிகளில் ஈடுபாடு கொண்டு, பின்னர் பால்மரின் வலக்கரம் ஆனார். 1930-களின் நடுவில் டோக்கியோவுக்கே குடிபெயர்ந்தார்.

பால்மரும் ஹார்ன்பியும் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும்? தனிச் சொல்லின் பொருள் தெரிந்தால் மட்டும் போதாது. அது யாருடன் கைகோத்து நடக்கிறது என்பதும் தெரிய வேண்டும். இப்படிச் சேர்ந்தே வரும் சொற்கூட்டங்களைத் தொகுத்து 1933-ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியாயிற்று. அதில் ஹார்ன்பியின் உழைப்பு பெரிது. 1936-இல் பால்மர் ஜப்பானை விட்டுப் போனார். நிறுவனத்தின் ஆய்வுப் பொறுப்பு ஹார்ன்பியின் தோளில் ஏறியது. 1937 முதல் ஜப்பானில் ஆசிரியர்களாக இருந்த கேட்டன்பி, வேக்ஃபீல்டு என்னும் இருவரையும் துணையாகக் கொண்டு, ஆங்கிலம் கற்கும் அயல்நாட்டாருக்கென்றே ஓர் அகராதியை உருவாக்கும் வேலையில் இறங்கினார்.

இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். ஆங்கிலத்தில் அகராதிகளுக்கா பஞ்சம்? 1755-ஆம் ஆண்டிலேயே சாமுவேல் ஜான்சன் தம் பேரகராதியை வெளியிட்டுவிட்டார். ஆக்ஸ்போர்டின் மாபெரும் அகராதியோ 1884-இல் முதல் பகுதி வெளிவரத் தொடங்கி 1928-இல்தான் முடிந்தது. ஆனால் இவையெல்லாம் ஆங்கிலேயருக்காக ஆங்கிலேயர் எழுதியவை. தாய்மொழிக்காரர் அகராதியைத் திறப்பது கடினமான, அரிய சொல்லுக்காக. 'இன்', 'ஆன்', 'அட்', 'அண்டர்' போன்ற சொற்களுக்காக எந்த ஆங்கிலேயரும் அகராதியைத் திறக்கமாட்டார். அவற்றைத் தாய்ப்பாலோடு பருகியவர் அவர். நமக்கோ நேர்மாறு. நீளமான சொற்களை மனப்பாடம் செய்துவிடுகிறோம். தெர்மோடைனமிக்ஸ் என்று எழுதச் சொன்னால் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுகிறோம். இரண்டெழுத்துச் சொல்லில் அல்லவா நம் வண்டி குடை சாய்கிறது!

பிரிபொசிஷன் எனப்படும் இந்த முன்னிடைச்சொற்கள் ஆங்கிலத்தில் ஏன் இப்படிப் பெருகின என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் நம் வேற்றுமை உருபுகளைப் போலப் பெயர்ச்சொல்லின் இறுதியில் விகுதிகள் இருந்தன. காலப்போக்கில் அவை தேய்ந்து போயின. அவை சுமந்த பாரத்தில் பெரும் பகுதியை முன்னே நின்ற இந்தச் சிறு சொற்கள் தூக்க வேண்டியதாயிற்று. முதலில் இடத்தைக் காட்டியவை நிலையையும் காட்டத் தொடங்கின. உயிரோடு இருப்பதைக் குறிக்கும் 'அலைவ்' என்ற சொல்லின் முன்னெழுத்துகூடப் பழைய ஆங்கிலத்தின் 'ஆன்' என்ற இடச்சொல் தேய்ந்து ஒட்டிக்கொண்டதே. தூங்குவதைக் குறிக்கும் 'அஸ்லீப்' என்பதும் அப்படியே.

நமக்கு ஏன் கடினம் என்றால், நம் தமிழில் உருபு பெயருக்குப் பின்னால் வருகிறது. அதுவும் பெரும்பாலும் ஒரே உருபு. வீட்டில், மூலையில், பேருந்தில், விடுப்பில், கவலையில், ஆபத்தில் என்று 'இல்' ஒன்றை வைத்தே நாம் குடும்பம் நடத்திவிடுகிறோம். நன்னூலார் இடப்பொருள் உருபுகள் என்று 28 கணக்கிட்டார் என்பது தமிழ் வகுப்பில் படித்தது. ஆனால் இன்றைய பேச்சில் அவற்றுள் எத்தனை உருபுகளாக மிஞ்சியிருக்கின்றன? 'இல்' ஒன்றுதான் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த ஓர் 'இல்' பல வீடுகளாகப் பிரிந்து கிடக்கிறது. அறையின் மூலையில் என்றால் 'இன்'; தெருவின் முனையில் என்றால் 'அட்'. காரில் போவதற்கு 'இன்'. பஸ்ஸில் போவதற்கு 'ஆன்'. நம் இயற்பியல் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருள் ஓய்வு நிலையில் இருந்தால் 'அட் ரெஸ்ட்'. அதே பொருள் நகரத் தொடங்கிவிட்டால் 'இன் மோஷன்'. சமநிலைக்கு 'இன்', அழுத்தத்துக்கு 'அண்டர்', மாறாத வெப்பநிலைக்கு 'அட்'. தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழி வகுப்பில் உட்காருபவனுக்கு நியூட்டனின் முதல் விதி புரிந்துவிடுகிறது. அந்த விதியை எழுதும்போதுதான் மதிப்பெண் போகிறது.

ஜப்பானிய மொழியிலும் இப்படித்தான். அங்கும் உருபுகள் பெயருக்குப் பின்னாலேயே வரும். டோக்கியோவில் வசிப்பதற்கு 'நி' என்ற ஒட்டு, டோக்கியோவில் வேலை செய்வதற்கு 'தெ' என்ற ஒட்டு. ஆங்கிலத்தில் உள்ள 'எ', 'தி' போன்ற சுட்டிகளும் அம்மொழியில் இல்லை. ஆகவே ஹார்ன்பியின் ஓயிட்டா மாணவர்கள் தடுமாறிய இடங்களும் நாம் தடுமாறுகிற இடங்களும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஜப்பான் மாணவனுக்காகத் தைத்த சட்டை தமிழ்நாட்டு மாணவனுக்கும் பொருந்திவிட்டதில் வியப்பில்லை.

அந்த அகராதியில் ஹார்ன்பி செய்தவை எளிமையான காரியங்கள். ஆனால் அவற்றை ஓர் அகராதி முழுவதிலும் விடாமல் செய்து காட்டியதில்தான் அவர் பெருமை இருக்கிறது. எண்ணக்கூடிய பெயர்ச்சொல் எது, எண்ண முடியாதது எது என்று குறியிட்டுக் காட்டினார். வினைச்சொற்கள் எந்தெந்த அமைப்பில் வரும் என்பதை 25 வகைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வினைக்கும் அதன் வகை எண்ணைக் கொடுத்தார். வழக்கொழிந்த சொற்களைக் கழித்தார். சொற்பிறப்பு ஆராய்ச்சியை விட்டுவிட்டார். அந்த இடத்தை எல்லாம் எடுத்துக்காட்டுகளுக்குக் கொடுத்தார். பொருளைச் சொல்லிவிட்டு நகராமல், இச்சொல் இந்தச் சிறு சொல்லோடு இப்படி வரும் என்று சொற்றொடராகவே எழுதிக் காட்டினார். அந்த 25 வகை எண்கள் எனக்கு இன்றுவரை வசப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். முன்னுரையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தே கை சலித்துவிடும். பின்னால் வந்த பதிப்பாசிரியர்களும் அந்த எண் முறையை மாற்றிவிட்டார்கள். ஆனால் எடுத்துக்காட்டுகளுக்கு முன்னுரை தேவையில்லை. கண்ணால் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும்.

இடத்தைச் சொல்லும் சொல் எவ்வாறு நிலையைச் சொல்லும் சொல்லாக மாறுகிறது என்பதற்கு நான் அந்த அகராதியின் துணையோடு கற்ற ஒன்றைச் சொல்கிறேன். ஹார்ன்பி எழுதிக் காட்டிய பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'இன் ஹாஸ்பிட்டல்' என்றால் ஒருவர் நோயாளியாகப் படுத்திருக்கிறார் என்று பொருள். நடுவில் 'தி' என்ற சுட்டி ஒன்று வந்துவிட்டால் அவர் அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறார் என்பதோடு சரி. முன்னது நிலை, பின்னது இடம். என் தந்தை முன்னதில் இருந்தார். கட்டில் அருகே நின்ற நாங்கள் பின்னதில் இருந்தோம்.

ஆபத்தைச் சொல்லும் தொடர்களில் இது இன்னும் நுட்பமாகிறது. 'இன் டேஞ்சர்' என்றால் ஆபத்து நாலாபுறமும் சூழ்ந்துவிட்டது, கிணற்றுக்குள் விழுந்தாயிற்று. 'அட் ரிஸ்க்' என்பது அப்படி அன்று. 'அட்' என்பது ஒரு புள்ளியைக் காட்டும் சொல். பஸ் நிறுத்தத்தில், ஐந்து மணிக்கு, நூறு டிகிரியில் என்று ஏதோ ஒரு புள்ளியில் நிற்பது. 'அட் ரிஸ்க்' என்றால் ஆபத்து வந்தால் வந்து விழக்கூடிய இடத்தில் நிற்கிறோம் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். இன்னும் விழவில்லை. விழாமலும் போகலாம். எங்கள் ஊரில் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு மருந்து அடிக்கிற அத்தனை பேரும் ஒவ்வொரு பட்டத்திலும் 'அட் ரிஸ்க்'. அன்று என் தந்தை 'இன் டேஞ்சர்'. மூன்றாம் நாள் காலை 'அவுட் ஆஃப் டேஞ்சர்'. அடுத்த பட்டத்துக்கு மறுபடியும் மருந்து அடிக்கப் போனார். மறுபடியும் 'அட் ரிஸ்க்'. தமிழில் நான் இவை எல்லாவற்றையும் ஆபத்து என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவேன். அந்த அகராதியைப் பார்த்த பிறகுதான் இவை வேறு வேறு என்று தோன்றியது. தமிழிலும் வேறு வேறாகச் சொல்ல வழி உண்டு. நான் நினைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அதே 'ரிஸ்க்' என்ற சொல் சைக்கிள் நிறுத்தும் இடத்துப் பலகையில் உடைமைக்காரரைச் சேர்த்துக்கொண்டு வரும்போது, ஆபத்து என்ற பொருளைவிடப் பொறுப்பு என்ற பொருளே மேலோங்கி நிற்கிறது. சாமான் காணாமல் போனால் எங்களைக் கேட்காதே என்பதை எவ்வளவு மரியாதையாகச் சொல்லிவிடுகிறார்கள் பாருங்கள். இதையும் ஹார்ன்பி விட்டுவைக்கவில்லை. ரயிலில் அனுப்பும் சரக்குகளைப் பற்றிய வழக்காக அதற்கும் விளக்கம் தந்திருக்கிறார்.

வேறொரு வேறுபாட்டையும் கவனித்தேன். எனக்குப் பசி, எனக்குக் காய்ச்சல், எனக்குக் கடன் என்கிறோம். நாம் இருக்கும் இடத்துக்கு அவை வந்து சேருகின்றன. ஆங்கிலேயரோ கடனுக்குள்ளும் துன்பத்துக்குள்ளும் கண்ணீருக்குள்ளும் தாமே போய் உட்கார்ந்துகொள்கிறார். கடனில் மூழ்கினான் என்று நாமும் சொல்வது உண்டுதான். ஆனால் அது பெருங்கடன் வந்த பிறகு சொல்வது.

அகராதி வேலை 1940-இல் ஏறத்தாழ முடிந்தது. அதற்குள் ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் மூண்டுவிட்டது. 1941-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பான் போரில் குதித்தது. ஜப்பானும் பிரிட்டனும் 'அட் வார்'. அதுநாள்வரை மதிப்புக்குரிய ஆசிரியராக இருந்த ஹார்ன்பி ஒரே நாளில் பகைநாட்டுக் குடிமகன் ஆனார். காவலில் வைக்கப்பட்டார். எத்தனையோ சொல்லோடு 'அண்டர்' என்பதைச் சேர்த்து எழுதிக் காட்டியவர், இப்போது தாமே காவலுக்கு 'அண்டர்' ஆனார். தம் இளமையின் பெரும் பகுதியைக் கொடுத்து உழைத்த நாட்டில், தம் கையெழுத்துப் படி ஒரு பதிப்பகத்தில் கிடக்க, அது வெளிவருமா வராதா என்று தெரியாமல் ஒரு மனிதர் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்திருக்கிறார். அவரது வாழ்க்கையில் என் மனம் மீண்டும் மீண்டும் போய் நிற்கிற இடம் இதுதான்.

ஆனால் அகராதி வெளிவந்தது! 1942-ஆம் ஆண்டு, ஆங்கிலம் பகைவர் மொழியாக எண்ணப்பட்ட அதே டோக்கியோவில், கைதாகுஷா என்னும் ஜப்பானியப் பதிப்பகம் அதை அச்சிட்டு வெளியிட்டது. மரபுத் தொடர்களையும் தொடரமைப்பையும் காட்டும் ஆங்கில அகராதி என்பது அதன் பெயரின் பொருள். போர்க்காலத்தில் பகைநாட்டாரின் புத்தகத்தை அச்சேற்றிய அந்தப் பதிப்பகத்தாருக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

அந்த ஆண்டிலேயே ஹார்ன்பி விடுவிக்கப்பட்டுத் தாயகம் திரும்பினார். ஓய்வெடுக்கவில்லை. பிரிட்டிஷ் கவுன்சிலில் சேர்ந்து ஈரானுக்குப் போனார். தெஹ்ரானில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தபடி போர் முடியும்வரை அங்கே இருந்தார். பின்பு லண்டனில் அதே நிறுவனத்துக்கு மொழி ஆலோசகர் ஆனார். 1946-ஆம் ஆண்டு ஆங்கிலக் கல்விக்கென்று ஓர் இதழைத் தொடங்கி அதன் முதல் ஆசிரியராக இருந்தார். அவ்விதழ் இன்றும் வெளிவருகிறது. 1950-இல் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுத்துக்கே தம்மைக் கொடுத்துக்கொண்டார்.

டோக்கியோவில் பிறந்த அகராதியைப் பெரிய மாற்றம் எதுவும் இன்றி 1948-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. 1952-இல் அதன் பெயரில் 'அட்வான்ஸ்டு' என்ற அடைமொழி சேர்ந்தது. 1963-இல் இரண்டாம் பதிப்பு. 1974-இல் மூன்றாம் பதிப்பு. அதில் கவி, வின்ட்சர் லூயிஸ் என்னும் இருவர் அவருக்கு உதவினர். 2020-இல் பத்தாம் பதிப்பு வந்திருக்கிறது. இடையில் 1954-இல் ஆங்கிலத் தொடரமைப்புகளையும் வழக்குகளையும் விளக்கும் கையேடு ஒன்றும், வயது வந்தோர் ஆங்கிலம் கற்பதற்கான பாடநூல்களின் முதற்பகுதியும் வந்தன. அமைப்புச் சொற்களையும் வாக்கிய அமைப்புகளையும் கற்பிப்பது எப்படி என்று ஆசிரியர்களுக்காகவே 1959 முதல் நான்கு பகுதிகளில் ஒரு நூல் எழுதினார். 'இன்', 'ஆன்', 'அட்' போன்ற சொற்களை அவர் அமைப்புச் சொற்கள் என்று அழைத்தார். வீட்டின் செங்கல்லைப் பாராட்டுவோர் உண்டு. செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே இருக்கும் சுண்ணாம்பைப் பற்றி நான்கு புத்தகம் எழுதியவர் இவர்.

இவ்வளவு விற்ற நூலின் ஆசிரியர் பெருஞ்செல்வராக வாழ்ந்திருக்கலாம். ஆனால் ஹார்ன்பி 1961-ஆம் ஆண்டு தம் பெயரில் ஒரு கல்வி அறக்கட்டளையை நிறுவி, நூல்களால் வந்த வருவாயில் பெரும் பகுதியை அதற்கு ஒதுக்கிவிட்டார். பிற நாடுகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் பிரிட்டன் சென்று மேற்படிப்புப் படிக்க அந்தப் பணம் உதவுகிறது. எந்த நாட்டு மாணவர்களின் காசில் அகராதி விற்றதோ, அந்த நாட்டு ஆசிரியர்களுக்கே காசு திரும்ப வேண்டும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அந்த அறக்கட்டளை இன்றும் இயங்கிவருகிறது.

1978-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவருக்கு எண்பது வயது நிறைந்தது. அந்த ஆண்டில் அவரைச் சிறப்பித்து அறிஞர்கள் எழுதிய கட்டுரைத் தொகுதி ஒன்று வெளியாயிற்று. அடுத்த மாதம் 13-ஆம் நாள் அவர் காலமானார்.

நம் நூலகத்தில் இருப்பது 1974-ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு. அந்நாள்களில் இந்திய மாணவர்களுக்கென்று குறைந்த விலையில் வந்துகொண்டிருந்த இ.எல்.பி.எஸ். மலிவுப் பதிப்பு. அந்த மலிவுப் பதிப்பு வரிசை நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 'டேஞ்சர்' என்ற சொல் உள்ள பக்கத்தின் ஓரத்தில், எனக்கு முன்பு யாரோ பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அவர் என்ன காரணத்துக்காக அந்தச் சொல்லைத் தேடினாரோ தெரியாது. குறிப்புதவி நூல் என்பதால் அதை வீட்டுக்கு எடுத்துச் செல்ல அனுமதி இல்லை. நூலகர் ஐயாவிடம் கேட்டால் கயிற்றை அவிழ்த்துக் கொடுப்பார். முடித்ததும் மறுபடியும் கட்டி வைத்துவிட வேண்டும்.